சுவர் வேலியா, கிண்ண வேலியா?

ஜாவா சிற்றூர்களில் உயிரும் உடைமையும் காக்கப்படும் விதம்

இரவு பத்து மணிக்கு ஷட்டரை இறக்கி, இரண்டு பக்கமும் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்மில் பலரும் வீட்டுக்குப் புறப்படுகிறோம். அந்த நேரம் தொடங்கி விடியும் வரை கடைக்குள் கிடக்கும் சரக்கை யார் காக்கிறார்கள்? பூட்டு காக்கிறது என்பது ஒரு பதில். காவல்துறை, இன்ஷூரன்ஸ், காமிரா என்பவை வேறு பதில்கள். இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் வாழும் சிற்றூர் மக்கள் இதே கேள்விக்குப் பல தலைமுறைகளாக ஒரு பழமொழியில் பதில் வைத்திருக்கிறார்கள். சுவர் எழுப்பிய வேலியைவிடக் கிண்ணத்தால் கட்டிய வேலியே மேல் என்பது அதன் பொருள். வீட்டில் சமைத்ததில் ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டுக்குப் போனால், ஆளுயரச் சுவர் செய்யாத காவலை அந்த அண்டை வீடு செய்யும் என்பது அவர்கள் கணக்கு.

இந்தக் கணக்கு எங்கே சரியாக வருகிறது, எங்கே உதைக்கிறது என்பதை வணிகர்களாகிய நாம் தெரிந்துகொள்வது பயனுடையது. ஏனெனில் சிற்றூர்க் கடைக்காரரின் முதலும் உயிரும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன.

இந்தோனேசியா நமக்கு முற்றிலும் அந்நியமான நாடும் அல்ல. சுமத்ராத் தீவின் மேற்குக் கரையில், பாருஸ் அருகே லோபு துவா என்னும் இடத்தில் கி.பி. 1088 ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. அதைப் பொறித்தவர்கள் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர். இன்றைய மொழியில் சொன்னால், அது கடல் கடந்த ஒரு வணிகர் சங்கத்தின் தீர்மானம். இன்றும் இந்தோனேசிய மொழியில் வியாபார மூலதனத்துக்கு 'மொடால்' என்று பெயர். அது நம் 'முதல்'தான். சுமத்ராவில் கடையை 'கெடாய்' என்கிறார்கள். சரக்கு வைக்கும் பெட்டி அங்கே 'பெத்தி'. முதலும் கடையும் பெட்டியும் நம்மிடமிருந்து போயிருக்கின்றன. அவற்றை அவர்கள் காக்கும் விதத்தைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

சில பத்து வீடுகளின் ஒற்றுமை

இந்தோனேசியாவில் ஏறக்குறைய 75,000 கிராமங்கள் உண்டு. கிராமத்தை அவர்கள் 'தேசா' என்கிறார்கள். தேசாவுக்குள் பல குக்கிராமங்கள். அவற்றுக்கும் கீழே, சில பத்து வீடுகளை மட்டும் கொண்ட ஒரு சிறு அமைப்பு இருக்கிறது. அதன் பெயர் 'ருக்குன் தெதாங்கா'. அண்டை அயலார் ஒற்றுமை என்று இதைத் தமிழாக்கலாம். பேச்சு வழக்கில் 'எர்-தே' என்று சுருக்கிச் சொல்கிறார்கள். அந்த வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் அரசு ஊழியர் அல்லர். ஆசிரியராகவோ, விவசாயியாகவோ, கடைக்காரராகவோ இருப்பார். கிடைத்தால் ஒரு சிறு படி கிடைக்கும், அவ்வளவே.

இதன் பிறப்பு இனிமையானதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜாவாவைப் பிடித்திருந்த ஜப்பானியப் படையினர், 1944 இல் வீடுகளைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்தார்கள். நெல்லை வசூலிக்கவும், ஆட்களைத் திரட்டவும், யார் எங்கே போகிறார் வருகிறார் என்று கண்காணிக்கவும் அந்தக் குழுக்கள் பயன்பட்டன. போர் முடிந்து ஆட்சி மாறிய பிறகும் அமைப்பு மட்டும் நிலைத்தது. மக்கள் அதைத் தங்கள் தேவைக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டார்கள்.

கண்காணிப்பின் அடையாளம் இன்னும் முழுவதும் மறையவில்லை. ஜாவாவில் ஊர் முகப்பிலும் தெருமுனையிலும் ஒரு பலகையைக் காணலாம். வெளியூர் விருந்தினர் 24 மணி நேரத்துக்குமேல் தங்கினால் எர்-தே தலைவரிடம் தெரிவிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். யார் வீட்டுக்கு யார் வந்திருக்கிறார் என்பது தெருவுக்கே தெரிந்துவிடும். நகரத்தில் வாழ்ந்தவருக்கு இது தொல்லையாகப் படும். கல்லாவில் அன்றைய விற்பனைப் பணத்தை வைத்துக்கொண்டு தூங்கப் போகும் கடைக்காரருக்கு இது ஆறுதலாக இருக்கும்.

ஒரு சிட்டிகை அரிசி

இந்தச் சிற்றூர்களின் இரவுக் காவலை 'ரோண்டா' என்கிறார்கள். நம் காதுக்கு 'ரோந்து' என்றே கேட்கும். வீட்டுக்கு ஓர் ஆண் வீதம் முறை போட்டுக்கொண்டு, பெரும்பாலும் வாரத்தில் ஒரு நாள், இரவில் ஊரைச் சுற்றி வர வேண்டும். தெருமுனையில் மூங்கிலாலோ செங்கல்லாலோ கட்டிய சிறு காவல் சாவடி இருக்கும். முறைக்காரர்கள் அங்கே கூடுவார்கள். சீட்டாட்டம், காப்பி, எண்ணெயில் பொரித்த பலகாரம், ஊர்க்கதை எல்லாம் நடக்கும். நள்ளிரவு தாண்டியதும் எழுந்து வீடு வீடாகச் சுற்றி வருவார்கள். 1980களின் தொடக்கத்தில் காவல்துறை இந்த முறைக்குச் 'சுற்றுப்புறப் பாதுகாப்பு அமைப்பு' என்று பெயர் கொடுத்து நாடு முழுவதும் முறைப்படுத்தியது. ஆனால் வழக்கம் அதைவிடப் பழையது.

காவல் முறை போடுவது எளிது. முறைக்காரர் உண்மையில் சுற்றி வந்தாரா, சாவடியிலேயே தூங்கிவிட்டாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடைவீதிக்குக் கூர்க்கா அமர்த்திய நம் சங்கங்கள் எல்லாம் அறிந்த சிக்கல் இது. ஜாவாக்காரர்கள் இதற்கு அழகான வழி கண்டிருக்கிறார்கள். அதன் பெயர் 'ஜிம்பித்தான்'. 'ஜிம்பிட்' என்றால் சிட்டிகை.

ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் ஒரு சிறு தகரக் குவளையோ மூங்கில் குழலோ தொங்கும். படுக்கப் போகுமுன் வீட்டுக்காரர் அதில் ஒரு சிட்டிகை அரிசி போட்டு வைப்பார். இப்போது பல ஊர்களில் அரிசிக்குப் பதில் 500 ருப்பியா நாணயம் போடுகிறார்கள். இரவு சுற்றி வருபவர்கள் ஒவ்வொரு குவளையாக எடுத்துத் தங்கள் பையில் கொட்டிக்கொள்ள வேண்டும். காலையில் எல்லா வீட்டுக் குவளையும் காலியாக இருந்தால், காவலர் எல்லா வீட்டு வாசலையும் மிதித்தார் என்று பொருள். ஒரு வரிசை வீடுகளில் அரிசி அப்படியே இருந்தால், அந்தப் பக்கம் யாரும் வரவில்லை என்பது மறுநாளே தெரிந்துவிடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரு வீட்டுக் குவளையில் இரண்டு மூன்று நாட்களாக ஒன்றுமே விழவில்லை என்றால் காவலர்கள் கவனிக்கிறார்கள். வீட்டில் நோயா? ஊரில் இல்லையா? அரிசி தீர்ந்துவிட்டதா? விசாரிக்க ஆள் போகிறது. ஆகவே அந்தக் குவளை வரி வாங்கும் பெட்டியாகவும், காவலருக்கு வருகைப் பதிவேடாகவும், வீட்டாரின் நலம் விசாரிக்கும் கருவியாகவும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. சேர்ந்த அரிசியை விற்ற பணம் எர்-தே கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. தெரு விளக்கு, சாவடிக் கூரை, நோயாளிக்கு உதவி, இறப்பு வீட்டுச் செலவு ஆகியவை அதிலிருந்து நடக்கின்றன. நம் பக்கத்துப் பிடியரிசி வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதன் அருமை உடனே விளங்கும்.

சாவடியில் 'கெந்தோங்கான்' என்ற மரத் தட்டுக்கருவி தொங்கும். குடைந்த மரக்கட்டை அல்லது மூங்கில். ஆபத்து வந்தால் அதைத் தட்டுவார்கள். எத்தனை தட்டு என்பதற்குக் குறியீடு உண்டு. பல ஊர்களில் பலகையில் எழுதி வைத்திருக்கும் முறைப்படி, இரண்டிரண்டாகத் தட்டினால் திருடன், மூன்று மூன்றாகத் தட்டினால் தீ, நான்கு நான்கு என்றால் வெள்ளம் போன்ற இயற்கை இடர், ஐந்தைந்து என்றால் கால்நடைத் திருட்டு. விவரம் ஊருக்கு ஊர் மாறும். ஒலியைக் கேட்டதும் யார் எதை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்பது சிறுவர் முதல் தெரியும். தீ என்றால் வாளி, திருடன் என்றால் கைவிளக்கு. இப்போது பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் வாட்ஸ்அப் குழுவும் இந்த வேலையில் பங்கு கொள்கின்றன. ஆனாலும் மின்சாரம் போன இரவில் மரக்கட்டையை மிஞ்ச ஒன்றும் இல்லை.

குறையும் இல்லாமல் இல்லை. இளைஞர்கள் நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்ட ஊர்களில் முறை போட ஆள் குறைகிறது. சிலர் முறைக்கு வராமல் அபராதத்தைக் கட்டிவிடுகிறார்கள். சில ஊர்கள் பணம் போட்டுக் கூலிக் காவலரை அமர்த்திவிட்டன. கூலிக் காவலர் திருடனைப் பார்ப்பார். காலியான குவளையைக் கண்டு 'அந்த வீட்டில் என்ன ஆயிற்று' என்று கேட்பாரா என்பது வேறு விஷயம்.

வீட்டு முகப்பில் ஒரு கடை

ஜாவாவின் சிற்றூர்க் கடைக்கு 'வாருங்' என்று பெயர். பெரும்பாலும் அது வீட்டின் முன் அறைதான். கடைக்காரர் குடும்பமே அதில் மாறி மாறி உட்காரும். பெண்கள் நடத்தும் கடைகள் மிக அதிகம். ஷாம்பு, காப்பித்தூள், சலவைத்தூள் எல்லாம் சரம் சரமாகத் தொங்கும் சிறு பாக்கெட்டுகள். அரிசி, முட்டை, சமையல் எண்ணெய், நூடுல்ஸ், சிகரெட். 2007 முதல் அரசு மண்ணெண்ணெய்க்குப் பதிலாகக் கொண்டுவந்த 3 கிலோ காஸ் சிலிண்டரும் உண்டு. பச்சை நிறத்தில் உருண்டையாக இருப்பதால் மக்கள் அதை முலாம்பழம் என்றே அழைக்கிறார்கள். பல கடைகளில் பாட்டிலில் நிரப்பிய பெட்ரோலும் வாசலில் அடுக்கியிருக்கும். சிலிண்டரும் பெட்ரோலும் அடுப்பும் ஒரே கூரையின் கீழ் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தீயணைப்பு வண்டி நகரத்திலிருந்து வர வேண்டும். அது வரும்வரை மூன்று மூன்றாகத் தட்டும் மரக்கட்டைதான் தீயணைப்பு நிலையம்.

கொள்முதல் பக்கத்துச் சிறு நகரத்து மொத்தக் கடையிலோ சந்தையிலோ நடக்கும். ஜாவாவில் ஏழு நாள் வாரத்தோடு ஐந்து நாள் வாரமும் உண்டு. லெகி, பஹிங், பொன், வாகே, கிளிவோன் என்பவை அந்த ஐந்து நாட்கள். சந்தைகள் பல இந்த நாட்களின் பெயராலேயே வழங்குகின்றன. லெகிச் சந்தை என்றால் லெகி நாளில் கூட்டம் பெருகும். கடைக்காரர் பணத்தோடு வழியில் போவது எந்த நாள் என்று ஊருக்கே தெரியும். திருடனுக்கும் தெரியும். அதனால் சந்தை நாளில் இருட்டோடு புறப்படுபவர்கள் சேர்ந்தே போவது நல்லது என்று கருதுகிறார்கள்.

கடன் விஷயத்தில் அவர்களுக்கும் நமக்கும் வேறுபாடே இல்லை. 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று நாம் எழுதி மாட்டும் பலகை அங்கும் அதே பொருளில் தொங்குகிறது. பலகை தொங்கும், கீழே கடன் நோட்டும் இருக்கும்! அறுவடைக்குப் பிறகு தருகிறேன், சம்பளம் வந்ததும் தருகிறேன் என்ற வாக்கில்தான் பாதி வியாபாரம். கொடுக்காவிட்டால் அண்டை வீட்டாரின் முகம் வாடும். கொடுத்துக்கொண்டே போனால் முதல் கரையும். இந்த இரண்டுக்கும் நடுவில் கடையை ஓட்டுவதுதான் வாருங் நடத்துபவரின் திறமை.

அவசரப் பணத்துக்கு 'அரிசான்' என்ற சீட்டு இருக்கிறது. மாதாமாதம் எல்லாரும் ஒரே தொகை போடுவார்கள். பெயர் எழுதிச் சுருட்டிய காகிதங்களைக் கண்ணாடிக் குவளையில் போட்டுக் குலுக்கி, வெளியே விழுந்த பெயருக்கு மொத்தமும் போகும். ஏலம் இல்லை, தள்ளு இல்லை, வட்டி இல்லை. எடுத்தவர் கடைசி வரை கட்ட வேண்டும். ஓடிவிட்டால்? எங்கே ஓடுவது? வீடும் வயலும் மாமியாரும் அதே தெருவில் இருக்கிறார்களே! அண்மைக் காலத்தில் முகம் தெரியாதவர்களைக் கைபேசி வழியாகச் சேர்த்து அரிசான் நடத்துகிறோம் என்று சொல்லிப் பணத்தைச் சுருட்டிய வழக்குகள் இந்தோனேசியாவில் பல நடந்துள்ளன. தெருவை விட்டு வெளியேறியதும் சீட்டின் காவலும் போய்விட்டது.

இந்த ஒற்றுமைக்கு விலையும் உண்டு. கலியாணம், குழந்தை பிறப்பு, இறப்புக்குப் பின் மூன்றாம் நாள், ஏழாம் நாள், நாற்பதாம் நாள் விருந்து என்று ஒவ்வொன்றுக்கும் பணமோ அரிசியோ கொண்டு போக வேண்டும். நம் மொய் நோட்டைப் போலவே அங்கும் கணக்கு எழுதி வைப்பார்கள். கலியாண மாதங்களில் இதற்காகவே கடன் வாங்கும் குடும்பங்கள் உண்டு. கிண்ண வேலி இலவசமாக வருவதில்லை. அதன் பிரீமியத்தை மாதாமாதம் கட்டியாக வேண்டும்.

நிலத்துக்குக் காகிதம்

திருடன் எடுத்துப் போக முடியாத சொத்து நிலம். அதற்கு வேறு வகைத் திருட்டு இருக்கிறது.

இந்தோனேசியாவின் நில உரிமைக்கு அடிப்படை 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் எண் சட்டம். முழு உரிமைச் சான்றிதழை இந்தோனேசியக் குடிமகன் மட்டுமே பெற முடியும். ஆனால் கிராமங்களில் பல குடும்பங்கள் அந்தச் சான்றிதழ் இல்லாமலேயே தலைமுறை தலைமுறையாக உழுது வந்தன. அவர்கள் கையில் இருந்தது பழைய நிலவரி ரசீது, அல்லது கிராம அலுவலகப் பேரேட்டில் ஒரு பதிவு. நம் ஊரில் கிஸ்தி ரசீதை வைத்துக்கொண்டு பட்டா இருக்கிறது என்று நினைப்பது போன்றதுதான் இது. அண்டை வீட்டார் உயிரோடு இருந்து சாட்சி சொல்லும்வரை தொல்லையில்லை. அப்பா காலத்துச் சாட்சிகள் மறைந்து, மகன் வங்கிக் கடனுக்குப் போகும்போதோ சாலைக்கு நிலம் எடுக்கும்போதோதான் ஓட்டை தெரிகிறது.

அரசு 2017 முதல் கிராமம் கிராமமாக எல்லா நிலத்தையும் ஒருசேர அளந்து பதியும் திட்டத்தை நடத்தியது. 2021 இல் வந்த அரசாணை, பழைய ரசீதுகளை ஐந்தாண்டுக்குள் பதிவுச் சான்றாக மாற்றிக்கொள்ள வேண்டும், அதன்பின் அவை உரிமைக்குச் சான்றாகா என்று கெடு விதித்தது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நிலத்தை அளக்கும்போது நான்கு பக்கத்து நிலக்காரர்களும் வந்து, எல்லை இதுதான் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். எல்லைக் கல்லை முன்பே நட்டு வைக்கச் சொல்லி, 2023 பிப்ரவரியில் பத்து லட்சம் கல் நடும் இயக்கத்தை அரசே நடத்தியது. அண்டை வீட்டாரோடு பேச்சு வார்த்தை இல்லாதவருக்கு அந்தக் கையெழுத்து எளிதில் கிடைக்காது. கிண்ண வேலியைச் சட்டக் காகிதம் ஒழித்துவிடவில்லை. காகிதமே அந்த வேலியின் மேல்தான் ஏறி நிற்கிறது.

உயிரா, மாடா?

யோக்யகர்த்தா வட்டாரத்தின் வடக்கே மெராபி எரிமலை, தெற்கே இந்தியப் பெருங்கடல். நடுவில் உள்ள சிற்றூர்களுக்கு இரண்டு பக்கமும் ஆபத்து.

2006 மே 27 ஆம் தேதி விடியற்காலை 5.54 மணிக்கு யோக்யகர்த்தாவுக்குத் தெற்கே பந்துல் பகுதியில் நிலம் அதிர்ந்தது. அளவு 6.3. ஒரு நிமிடத்துக்கும் குறைந்த நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. 5,700க்கும் அதிகமானோர் இறந்தனர். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் நொறுங்கின. கொன்றது நிலநடுக்கம் என்பதைவிட, கம்பியும் தூணும் இல்லாமல் கட்டிய செங்கல் சுவர் என்பதே சரி. பழைய முறையில் மரச்சட்டத்தால் கட்டிய வீடுகள் பல ஆடினாலும் நின்றன. காசு சேர்ந்ததும் மர வீட்டை மாற்றிச் செங்கல்லில் கட்டியவர்கள், சுவர் காக்கும் என்று நம்பியவர்கள், அந்தச் சுவரின் கீழேயே அகப்பட்டது பெரும் துயரம்.

இடிபாட்டிலிருந்து முதலில் ஆட்களை இழுத்தெடுத்தவர்கள் பக்கத்து வீட்டார்தான். எந்த வீட்டில் எந்த அறையில் பாட்டி படுத்திருப்பார் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்! வீடு கட்ட அரசு கொடுத்த உதவித்தொகையும் தனித்தனி ஆளுக்குப் போகாமல், சில குடும்பங்கள் சேர்ந்த குழுக்கள் வழியாகவே போனது. யார் வீட்டை முதலில் கட்டுவது, செங்கல்லை எங்கே வாங்குவது என்று அவர்களே முடிவு செய்தார்கள். இந்தக் கூட்டு உழைப்பின் பெயர் 'கோத்தோங் ரோயோங்'.

2010 இல் மெராபி வெடித்தது வேறு பாடம் சொன்னது. அக்டோபர் 26 இல் முதல் வெடிப்பு. மலையின் பாரம்பரியக் காவலரான பெரியவர் மாரிஜான், ஊரை விட்டு வர மறுத்து அன்று உயிரிழந்தார். நவம்பர் 5 இல் மிகப்பெரிய வெடிப்பு. மொத்தம் 350க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முகாமுக்கு வந்த மக்கள் பகலில் மீண்டும் மலையேறினார்கள். எதற்கு? மாட்டுக்குப் புல் அறுத்துப் போட. மலைச்சரிவுக் குடும்பத்துக்குப் பால் மாடுதான் சேமிப்பு, அதுவே பாங்குக் கணக்கு. மாட்டை விட்டுவிட்டு வா என்று சொல்வது, கல்லாவைத் திறந்து போட்டுவிட்டு வா என்று நம்மிடம் சொல்வதற்குச் சமம். ஆபத்து எல்லைக்குள் இருக்கும் மாடுகளை அரசே விலைக்கு வாங்கிக்கொள்ளும் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

அந்த அனுபவத்தில் பிறந்தது 'உடன்பிறப்புக் கிராமம்' என்ற ஏற்பாடு. மலைமேல் உள்ள ஒரு கிராமத்துக்குக் கீழே பாதுகாப்பான ஒரு கிராமத்தை முன்கூட்டியே இணைத்து வைப்பது. யார் எந்த இடத்தில் தங்குவது, மாடுகளை எங்கே கட்டுவது என்று அமைதிக் காலத்திலேயே பேசி முடிப்பது. 2020 நவம்பரில் மெராபி மீண்டும் உறுமியபோது, முதியோரும் குழந்தைகளும் அந்த உடன்பிறப்புக் கிராமங்களுக்கு இறங்கினார்கள். மாடுகளையும் இறக்கினார்கள். உடைமைக்குப் பத்திரமான இடம் கிடைத்தால்தான் மனிதன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளப் புறப்படுவான். தீப்பிடித்த கடைக்குள் கணக்குப் புத்தகத்தை எடுக்க ஓடியவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கும் நமக்கு இது புரியும்.

வேலிக்கு வெளியே இருப்பவர்

இவ்வளவு நல்லதைச் சொன்ன நாம், மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வேலி என்றால் உள்ளே, வெளியே என்று இரண்டு உண்டு.

திருடன் பிடிபட்டதும் போலீசுக்கு ஆள் அனுப்பாமல் கூட்டமே அடித்துக் கொன்ற சம்பவங்கள் இந்தோனேசியாவில் அடிக்கடி செய்தியாகின்றன. ஒரு கோழிக்கோ மோட்டார் சைக்கிளுக்கோ ஓர் உயிர். அடிபட்டவர் திருடரே அல்லர் என்று பின்னர் தெரிய வந்ததும் உண்டு. 1998 இல் கிழக்கு ஜாவாவின் பன்யுவங்கிப் பகுதியில் சூனியக்காரர் என்று சந்தேகிக்கப்பட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அச்சத்தில் ஊருக்கு ஊர் ரோண்டா பலப்பட்டது. வழியில் வந்த அந்நியர்களும் சந்தேகத்துக்கு இலக்கானார்கள். காக்கப் பிறந்த மரக்கட்டை, அச்சம் பிடித்த ஊரில் கூட்டத்தைத் திரட்டும் கருவியாகிவிடும்.

வணிகர்கள் மறக்கக்கூடாத வரலாறு இன்னொன்று. ஜாவாவின் சிற்றூர்களில் சீன வம்சாவளிக் கடைக்காரர்கள் நெடுங்காலம் வாழ்ந்தார்கள். விளைபொருளை வாங்கினார்கள், உப்பும் துணியும் விற்றார்கள், அறுவடை வரை கடன் கொடுத்தார்கள். 1959 இல் வந்த 10 ஆம் எண் அரசு ஒழுங்குமுறை, மாவட்டத் தலைநகருக்குக் கீழ்ப்பட்ட ஊர்களில் வெளிநாட்டுக் குடிமக்கள் சில்லறை வணிகம் செய்யக்கூடாது என்றது. 1960 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை உறுதியாகாத குடும்பங்கள் கடையை மூடிவிட்டு நகரத்துக்குப் போயின. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கப்பலேறிச் சீனாவுக்கே போய்விட்டார்கள். பல தலைமுறை அண்டை வீட்டாராக இருந்தவர்கள் ஒரே ஆணையில் வேலிக்கு வெளியே போனார்கள். கிராமங்களுக்குச் சரக்கும் கடனும் வந்துகொண்டிருந்த வழியும் அடைபட்டது.

யோக்யகர்த்தா வட்டாரத்தில் 1975 இல் துணை ஆளுநர் பிறப்பித்த அறிவுறுத்தல், சீன வம்சாவளியினருக்கு, அவர்கள் குடிமக்களாக இருந்தாலும், நிலத்தின் முழு உரிமைச் சான்றிதழ் தருவதைத் தடுத்தது. அதை எதிர்த்த வழக்கும் 2018 இல் தள்ளுபடியாயிற்று. 1998 மே மாதம் ஜகார்த்தாவிலும் சோலோ நகரிலும் சீனர் கடைகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. அப்போது மற்றக் கடைக்காரர்கள் 'இது மண்ணின் மைந்தருக்குச் சொந்தம்' என்று கதவில் எழுதி வைத்துத் தங்கள் சரக்கைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஷட்டரைவிட அந்த இரண்டு சொல் வலுவாக இருந்தது. அப்படி எழுத முடியாதவருக்கு எந்தப் பூட்டும் உதவவில்லை.

அதே மண்ணில் நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. கொரோனாத் தொற்று பரவிய 2020 இல், மத்திய ஜாவா அரசு அண்டை அயல் அமைப்புகளை வைத்தே 'ஜோகோ தொங்கோ' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அண்டை வீட்டாரைக் காப்பது என்பது பொருள். நோய்ப்பட்டு வீட்டுக்குள் அடைபட்டவருக்கு உணவு கொடுப்பது அண்டை வீட்டார் பொறுப்பு. பல ஊர்களில் காய்கறியைப் பைகளில் கட்டி வேலியில் தொங்கவிட்டார்கள். தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்ளலாம், யாரும் பெயர் கேட்க மாட்டார்கள்.

நமக்கு என்ன?

கடைவீதிக் காவலுக்கு மாதச் சந்தா வசூலிக்கும் நம் கிளைச் சங்கங்கள் ஜிம்பித்தான் குவளையை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். சந்தா வாங்குவதற்காகவே காவலர் ஒவ்வொரு கடை வாசலுக்கும் வர வேண்டும் என்று வைத்தால், காவலும் நடக்கும், கணக்கும் தெரியும். எந்தக் கடை இரண்டு நாளாகத் திறக்கவில்லை என்பதும் சங்கத்தின் காதுக்கு எட்டும்.

கடை இடத்தின் பத்திரம், வாடகை ஒப்பந்தம், உரிமம் ஆகியவற்றின் நகல்களைக் கடைக்குள் மட்டும் வைத்திருப்பவர்கள், இன்னொரு பிரதியை வேறிடத்தில் வைத்துவிட வேண்டும். கடன் நோட்டுக்கும் இது பொருந்தும். தீயிலோ வெள்ளத்திலோ அதை மீட்க உள்ளே ஓடத் தேவையில்லாதபடி செய்து வைப்பதே உயிர் காக்கும் ஏற்பாடு. வெள்ளம் வரும் பகுதிகளில் உள்ளவர்கள், சரக்கை எந்த மேட்டுக் கடைக்கு மாற்றுவது என்று உடன்பிறப்புக் கிராமத்தைப்போல இப்போதே பேசி வைக்கலாம்.

திருடன் அகப்பட்டால் கை வைக்காமல் காவல்துறையிடம் ஒப்படைப்பது என்ற தீர்மானம் ஒவ்வொரு சங்கத்திலும் இருக்க வேண்டும்.

கடைசியாக, நம் வீதியில் புதிதாகக் கடை போட்டவர் வேறு ஊராராக, வேறு மொழியினராக இருக்கலாம். அவரைச் சங்கத்தில் உறுப்பினராக்கி, காவல் முறையிலும் சந்தாவிலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிண்ணம் போய்ச் சேராத வீடு வேலியில் விழுந்த ஓட்டை. அவருக்கு அது எவ்வளவு ஆபத்தோ, வீதியில் உள்ள மற்ற கடைகளுக்கும் அவ்வளவு ஆபத்து.